யாரும் உட்காராத நாற்காலி

“ஒத்தையிலயா?”

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பெண்ணை வீட்டுக்குள் நிறுத்தப் பூட்டும் தாழ்ப்பாளும் வேண்டாம். இந்த ஒரு சொல் போதும். மேல்படிப்புக்குக் கோயம்புத்தூர் போகிறேன் என்றால் ஒத்தையிலயா. வேலை கிடைத்திருக்கிறது என்றால் ஒத்தையிலயா. கணவன் செத்த பிறகும் அதே வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்றால் ஒத்தையிலயா. நாற்பதைத் தாண்டி, முனைவர் பட்டம் வாங்கி, கல்லூரியில் தமிழ் நடத்துகிற நான் சென்னையில் ஒரு கவிதை வாசிப்புக்குப் பையைத் தூக்கினாலும் எதிர்வீட்டு அக்கா இதைத்தான் கேட்கிறார். கேள்வி மாதிரித்தான் இருக்கும். பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

இதே சொல்லுக்கு மரியாதையான வடிவம் ஒன்று செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் இருக்கிறது. ‘மகளிர் ஒற்றையர் பிரிவு.’ தெருவிலும் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் ஒற்றையாக நிற்கிற பெண் ஒரு குறை. அவளுக்குப் பின்னால் என்ன கதை என்று எல்லாரும் தேடுவார்கள். விளையாட்டுப் பக்கத்தில் மட்டும் அவளுக்கென்று ஒரு பிரிவே இருக்கிறது. அங்கே அவள் தனியாக நிற்பதில் யாருக்கும் வருத்தம் இல்லை. தனியாக நின்று ஜெயித்தால் கைதட்டுகிறார்கள்.

இந்த இரண்டு ஒற்றைகளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை சென்ற ஆண்டு ஒரு டேபிள் டென்னிஸ் மேசையின் பக்கத்தில் நின்று தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரி மாணவி ஒருத்தி. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். மதுரையில் கல்லூரிகளுக்கு இடையே நடந்த போட்டியில் மகளிர் ஒற்றையர் பிரிவுக்கு அவள் பெயரை அனுப்பியிருந்தார்கள். மறுநாளே அப்பா கல்லூரிக்கு வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. மரியாதையாக நின்றுகொண்டே பேசினார்.

“ஒத்தையில எப்படி டீச்சர் அனுப்புறது? பொம்பளப்பிள்ளை. நீங்க கூடப் போறதா இருந்தாச் சொல்லுங்க, யோசிக்கிறேன்.”

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

இந்தப் பள்ளத்தாக்கில் விடியலுக்கு முன்னால் கண்விழித்த யாரும் அந்த ஜீப்புகளைப் பார்த்திருப்பார்கள். கம்பம், கூடலூர், தேவாரம், போடி பக்கத்து ஊர்களிலிருந்து பெண்களை அள்ளிக்கொண்டு குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகிற ஜீப்புகள். உட்கார இடம் இருப்பதைவிட ஏறியிருப்பவர்கள் அதிகம். மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு. கொண்டை ஊசி வளைவுகளில் விபத்துகள் நடக்கின்றன. செய்தி வருகிறது. இரண்டு நாள் பேசுகிறோம். மூன்றாம் நாள் விடியற்காலையில் ஜீப் கிளம்பிவிடுகிறது.

மகளை மதுரைக்கு அனுப்புவது பற்றி நான் பேச ஆரம்பித்ததும் அந்த அம்மா கணவனைப் பார்த்துச் சொன்னார்: “நான் வாக்கப்பட்டு வந்த வருசத்துலருந்து மலையேறுறேன். இருட்டுல போறேன், இருட்டுல வர்றேன். இதுவரைக்கும் எனக்குத் துணைக்கு யாரு வந்தா?”

அவர் பதில் சொல்லவில்லை. நான் இன்றுவரை பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கூலிக்குப் போகிற பெண்ணுக்கு மலைப்பாதையில் ஆபத்து இல்லை. விளையாடப் போகிற பெண்ணுக்கு மதுரை பஸ்ஸில் ஆபத்து. இதை எப்படி இத்தனை காலம் ‘பாதுகாப்பு’ என்று நம்பினோம்? ஆபத்து பாதையில் இருந்தால் இரண்டு பேரையும் அல்லவா தடுத்திருக்க வேண்டும்? அம்மாவின் பயணம் சாயங்காலம் கூலியாக வீட்டுக்கு வந்து சேர்கிறது. மகளின் ஆட்டத்தால் வீட்டுக்கு ஒன்றும் வராது. அது அவளுக்கே அவளுக்கானது. ஒரு பெண் தனக்காக மட்டும் ஒரு அடி எடுத்து வைக்கும்போதுதான் இந்த ஊருக்குத் துணை ஞாபகம் வருகிறது.

போகட்டும், விளையாட்டிலாவது நல்ல விளையாட்டாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். டேபிள் டென்னிஸ் பெண்களுக்கு ஏற்றதாம். வெயில் இல்லை. மேலே இடித்து விழுகிற வேலை இல்லை. நான்கு சுவருக்குள் நடக்கிறது. 274 சென்டிமீட்டர் நீளம், 152.5 சென்டிமீட்டர் அகலம் உள்ள ஒரு மேசை. 15.25 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு வலை. 2.7 கிராம் எடையுள்ள ஒரு பந்து. இதைவிட அடக்கமான விளையாட்டு இருக்க முடியுமா?

சரி, அந்த அடக்கமான மேசை எங்கே இருக்கிறது? நான் வேலை பார்த்த, போய்ப் பார்த்த கல்லூரிகளை வைத்துச் சொல்கிறேன். மேசை ஒரு அறையில் இருக்கும். அறை பூட்டியிருக்கும். சாவி ஆண் ஊழியர் ஒருவரிடம் இருக்கும். சாயங்காலம் நாலரைக்கு மேல் அறை திறக்கும். பையன்கள் ஆடுவார்கள், பிறகு ஆண் பேராசிரியர்கள் ஆடுவார்கள். நாலரைக்குப் பெண்பிள்ளைகள் பஸ் ஏறியிருப்பார்கள். ஏறாவிட்டால் வீட்டிலிருந்து போன் வரும். ஆகவே பெண்களுக்கு மதிய இடைவேளை. சாப்பாட்டு நேரம் போக இருபது நிமிடம். என் மாணவி ஓராண்டு முழுக்க அந்த இருபது நிமிடத்தில்தான் ஆடப் பழகினாள். மதியச் சாப்பாட்டைப் பல நாள் பஸ்ஸில் சாப்பிட்டாள்.

அந்த இருபது நிமிடத்திலும் வாசலில் ஆள் நிற்கும். “சும்மா பாக்குறோம் மேடம்.”

பெண்கள் பந்தாடுவதைச் சும்மா பார்ப்பதற்குத் தமிழில் நீண்ட மரபு இருக்கிறது. நான் படித்த படிப்பு என்பதால் எனக்கு அது நன்றாகத் தெரியும். கொங்குவேளிர் எழுதிய பெருங்கதையில் ‘பந்தடி கண்டது’ என்று ஒரு பகுதியே உண்டு. பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து பந்தடிக்கிறார்கள். ஒருத்தி அடித்த எண்ணிக்கையை அடுத்தவள் தாண்டுகிறாள். கை, கால், மூச்சு, கணக்கு எல்லாம் சேர்ந்த உண்மையான போட்டி அது. கடைசியில் மானனீகை வருகிறாள், எல்லாரையும் மிஞ்சுகிறாள். அவளுக்குக் கிடைக்கிற பரிசு என்ன? பார்த்துக்கொண்டிருந்த உதயணன் அவள்மேல் ஆசைப்படுகிறான். கதை அவள் ஆட்டத்தை விட்டுவிட்டு அவன் ஆசையின் பின்னால் போய்விடுகிறது. பகுதியின் தலைப்பைக் கவனியுங்கள். பந்தடித்தவள் அவள், தலைப்பில் இருப்பது கண்டவன். பிற்காலக் குறவஞ்சித் தலைவிகளும் பந்தடிக்கிறார்கள். அங்கே எண்ணிக்கைகூட இல்லை. ஆடும்போது அவள் உடம்பு எப்படி அசைந்தது என்பது மட்டும் இருக்கிறது. வகுப்பில் இதை இலக்கிய நயம் என்று நடத்துகிறோம். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன்.

நம் ஊரைத் தாண்டினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். மகளிர் ஒற்றையர் என்ற பிரிவு உலக டேபிள் டென்னிஸில் 1926இல் லண்டனில் நடந்த முதல் உலகப் போட்டியிலிருந்தே இருக்கிறது. ஹங்கேரியின் மரியா மெட்நியான்ஸ்கி அதை வென்றார். பதினோரு ஆண்டு கழித்து, 1937இல், ஆஸ்திரியாவின் பாடன் நகரில் நடந்த இறுதிப் போட்டியை மட்டும் சொல்கிறேன். முந்தைய ஆண்டின் சாம்பியன், அமெரிக்காவின் ரூத் ஆரன்ஸ் ஒரு பக்கம். ஆஸ்திரியாவின் ட்ரூட் ப்ரிட்ஸி மறுபக்கம். இருவருமே நின்று தடுத்து ஆடினார்கள். பந்து போகும், வரும், போகும், வரும். இருவரும் தவறு செய்ய மறுத்தார்கள். கால வரம்பு முடிந்தது. இருவரையும் தகுதிநீக்கம் செய்தார்கள். அந்த ஆண்டு மகளிர் ஒற்றையர் பட்டம் யாருக்கும் இல்லை.

அந்தக் கால வரம்பு எப்படி வந்தது தெரியுமா? 1936இல் பிராகில் இரண்டு ஆண்கள் ஆடிய ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இப்படி ஆடினால் யார் பார்ப்பார்கள் என்று விதியை மாற்றினார்கள். விதி இரு பாலாருக்கும் பொதுவானதுதான், மறுக்கவில்லை. ஆனால் பட்டம் காணாமல் போனது பெண்களுக்கு. அடுத்த ஆண்டு ப்ரிட்ஸி உலகப் பட்டம் வென்றார். பாடன் கணக்கு மட்டும் அப்படியே கிடந்தது. 2001இல்தான் சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனம் இருவரையும் 1937இன் கூட்டுச் சாம்பியன்களாக அறிவித்தது. 64 ஆண்டுகள். அப்போது இருவருமே உயிரோடு இல்லை.

பெண் எடுத்துக்கொள்கிற நேரம் எப்போதுமே அதிகமாகத் தெரிகிறது. இருபது நிமிடத்துக்குள் வாசலில் நின்று “முடிஞ்சதா?” என்று கேட்கிற குரல் எங்கள் கல்லூரியில் மட்டும் பிறந்ததில்லை.

இனி நான் சொல்ல வந்த நாற்காலிக்கு வருகிறேன்.

சர்வதேச டேபிள் டென்னிஸில் ஒற்றையர் ஆட்டம் ஆடுகிறவருக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். ஆலோசகர் ஒருவர் அதில் உட்காரலாம். அவர் யார் என்று ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் சொல்லிவிட வேண்டும். ஒரு கேமுக்கும் அடுத்த கேமுக்கும் நடுவில் ஒரு நிமிட இடைவெளி. அந்த ஒரு நிமிடத்தில் ஆடுகிறவர் முகம் துடைத்து, தண்ணீர் குடித்து, நாற்காலியில் இருப்பவர் சொல்வதைக் கேட்டுவிட்டுத் திரும்பி மேசைக்குப் போவார்.

2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் மணிகா பத்ரா ஆடியபோது அந்த நாற்காலி காலியாக இருந்தது. அவருடைய சொந்தப் பயிற்சியாளர் டோக்கியோ வரை வந்திருந்தார். ஆடுகளத்துக்குள் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. தேசியப் பயிற்சியாளர் நாற்காலியில் உட்காரத் தயாராக இருந்தார். மணிகா வேண்டாம் என்றார். முதல் சுற்றில் பிரிட்டனின் டின்-டின் ஹோவை 4-0 என்று வென்றார். இரண்டாம் சுற்றில் உக்ரைனின் மார்கரீட்டா பெசோட்ஸ்காவிடம் முதல் இரண்டு கேமையும் 4-11, 4-11 என்று இழந்தார். பிறகு ஒவ்வொரு ஒரு நிமிடமும் தனியாக உட்கார்ந்து யோசித்து, ஏழாவது கேம் வரை இழுத்துப்போய் 4-3 என்று ஜெயித்தார். மூன்றாம் சுற்றில் ஆஸ்திரியாவின் சோபியா போல்கனோவாவிடம் 0-4 என்று தோற்றார்.

தோற்றதும் எல்லாருக்கும் நாற்காலி கண்ணில் பட்டது. திமிர், ஒழுங்கீனம், நாட்டைவிடத் தன்னைப் பெரிதாக நினைக்கிறாள் என்றார்கள். இந்திய டேபிள் டென்னிஸ் சம்மேளனம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அவர் கொடுத்த விளக்கம் எல்லாரையும் உலுக்கியது. 2021 மார்ச்சில் தோஹாவில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றில், பயிற்சியாளரின் மாணவி தகுதி பெறுவதற்காக ஒரு ஆட்டத்தை விட்டுக்கொடுக்கும்படி அதே தேசியப் பயிற்சியாளர் தன்னிடம் கேட்டதாகச் சொன்னார். தோற்கச் சொன்னதாக நான் குற்றம் சாட்டுகிற ஒருவரை எனக்குப் பின்னால் உட்காரவைத்து எப்படி ஆடுவேன் என்பதுதான் அவர் கேள்வி.

பிறகு என்ன நடந்தது? தேசிய முகாமுக்கு வந்தே ஆக வேண்டும் என்று சம்மேளனம் விதி போட்டது. அன்றைக்கு இந்தியப் பெண்களில் முன்வரிசையில் இருந்த அவர் பெயர் ஆசியச் சாம்பியன்ஷிப் அணியில் இல்லை. அவர் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். 2021 செப்டம்பரில் நீதிமன்றம் அந்த விதிக்குத் தடை போட்டது. விசாரணைக் குழுவின் அறிக்கை வந்த பிறகு, 2022 பிப்ரவரியில், சம்மேளனத்தின் நிர்வாகக் குழுவையே இடைநிறுத்திவிட்டு, விளையாட்டை நடத்த நிர்வாகிகள் குழு ஒன்றை அமர்த்தியது. பயிற்சியாளர் குற்றம் செய்தாரா இல்லையா என்று இங்கே உட்கார்ந்து நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. நான் கேட்பது வேறு. நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்தவர்களில் எத்தனை பேர், ‘ஏன் காலியாக இருக்கிறது?’ என்று முதலில் கேட்டார்கள்? ‘எப்படிக் காலியாக விடலாம்?’ என்றுதானே கேட்டார்கள்? நாற்காலியில் யாராவது இருந்தாக வேண்டும். யார் என்பது அவள் முடிவு செய்கிற விஷயமில்லை. எதிர்வீட்டு அக்காவின் ‘ஒத்தையிலயா’வும் அந்த நோட்டீஸும் எனக்கு ஒரே கையெழுத்தில் எழுதியவை மாதிரித் தெரிகின்றன.

இந்த இடத்தில் நண்பர்கள் மறிப்பார்கள். பயிற்சியாளர் இல்லாமல் யாராவது வளர முடியுமா? துணையே வேண்டாம் என்பதா உங்கள் பெண்ணியம்?

இல்லை. நம் சென்னையின் சரத் கமலைப் பாருங்கள். பத்து முறை தேசியச் சாம்பியன், ஐந்து ஒலிம்பிக். அப்பாவும் சித்தப்பாவும் இந்த விளையாட்டின் பயிற்சியாளர்கள். சின்ன வயதிலேயே மேசையின் முன்னால் நின்றவர். வளர்ந்த பிறகு ஐரோப்பிய கிளப்புகளில் போய் ஆடினார். அந்தத் துணை அவரை மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வெளிநாட்டுக்குக் கிளம்பியபோது யாரும் ஒத்தையிலயா என்று கேட்டிருக்க மாட்டார்கள். அதே டோக்கியோவில், மணிகா தோற்று ஒரு மாதம் கழித்து, பாராலிம்பிக்கில் குஜராத்தின் பாவினா படேல் சக்கர நாற்காலியில் அமர்ந்து மகளிர் ஒற்றையர் நான்காம் வகுப்பில் வெள்ளி வென்றார். இளம்பிள்ளை வாதத்தால் கால் செயலிழந்தவர். அன்றாடம் பலருடைய உதவியோடு வாழ்கிற பெண்ணும் மேசையின் முன்னால் ஒற்றையராக ஆட முடியும் என்று காட்டினார். உதவி வாங்குவதும் ஒற்றையாக நிற்பதும் ஒன்றையொன்று மறுக்கிற விஷயங்கள் இல்லை. எந்தத் துணை, எப்போது, எதுவரை என்பதை அவள் சொல்ல வேண்டும். அவளைக் கேட்காமல் வருகிற துணைக்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது. காவல்.

காவலும் சம்மேளனமும் வேண்டாதபோது ஓடி வருகிற கூட்டம் இன்னொன்று உண்டு. 2024 ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மணிகா பிரான்ஸின் ப்ரீத்திகா பவாடேயை 4-0 என்று வென்று, ஒலிம்பிக் ஒற்றையரில் கடைசிப் பதினாறு பேருக்குள் நுழைந்த முதல் இந்தியர் ஆனார். இரண்டு நாளில் ஸ்ரீஜா அகுலாவும் அந்த இடத்துக்கு வந்தார். ப்ரீத்திகாவின் பெற்றோர் புதுச்சேரியிலிருந்து போனவர்கள். அன்று எங்கள் ஆசிரியர் வாட்சப் குழுவில் ஒரே கொண்டாட்டம். மேசைக்கு அந்தப் பக்கமும் நம்ம பொண்ணு, இந்தப் பக்கமும் நம்ம பொண்ணு என்று ஒருவர் எழுதினார். மதிய இடைவேளையில் வாசலில் வந்து “முடிஞ்சதா?” என்று கேட்கிற அதே மனிதர். பாரிஸில் ஆடுகிறவள் நம்ம பொண்ணு. பக்கத்து அறையில் ஆடுகிறவளுக்கு எதற்கு இந்த வேலை.

அவரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

நான்தான் அவளோடு மதுரைக்குப் போனேன். ‘லேடி ஸ்டாஃப்’ என்பது எங்கள் கல்லூரிகளில் பாடம் நடத்துவதற்கு மேல் உள்ள ஒரு உத்தியோகம். பெண்பிள்ளைகள் எங்கே போனாலும் ஒரு லேடி ஸ்டாஃப். அதற்கு ஒரு படிவம் உண்டு. திரும்பி வந்ததும் ‘மாணவியைப் பெற்றோரிடம் ஒப்படைத்தேன்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். பார்சல் ஆபீஸில் போடுகிற மாதிரி. பையன்கள் அணிக்கு அந்தப் படிவம் கிடையாது. அவர்கள் முந்தின நாள் ராத்திரியே பஸ் ஏறிவிட்டார்கள்.

கம்பத்திலிருந்து மதுரை மூன்று மணி நேரத்துக்கு மேல். சின்னமனூர், தேனி, ஆண்டிபட்டி கணவாய், உசிலம்பட்டி. பெண்சிசுக் கொலைச் செய்திகளால் 1980களில் நாடே இந்தச் சாலையோர ஊர்களைத் திரும்பிப் பார்த்தது. பிறக்கவே அனுமதி வேண்டியிருந்த சாலையில் இன்று ஒரு பெண் மடியில் பேட்டை வைத்துக்கொண்டு போகிறாள் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து பெருமைப்பட்டுக்கொண்டேன். பெருமைப்படுவது சுலபம்.

ஆட்டத்துக்கு முன்னால் அவள் என்னிடம் வந்தாள். மணிகா ஆடிய ஆட்டங்களை யூடியூப்பில் பலமுறை பார்த்தவள்.

“மேடம், தப்பா நினைக்காதீங்க. பின்னாடி சேர்ல நீங்க உக்கார வேணாம். உக்காந்தீங்கன்னா நான் உங்க மூஞ்சியவே பாத்துட்டிருப்பேன்.”

எனக்குச் சுருக்கென்றது. லீவு போட்டு, மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்தவள் நான். தள்ளிப்போய் படியில் உட்கார்ந்தேன். முதல் கேம் முடியும்போதுதான் ஒன்று உறைத்தது. பந்தை ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை. அவள் டி-சர்ட் மேலே ஏறுகிறதா என்று பார்த்தேன். வாசலில் நிற்கிற பையன்கள் எந்தக் கல்லூரி என்று பார்த்தேன். அவள் சத்தம் போட்டுக் கையை உயர்த்தியபோது ‘மெதுவா’ என்று வாய்க்குள் சொன்னேன். உதயணனைத் திட்டிப் பாடம் நடத்துகிறவள், அவனிடமிருந்து அவளைக் காக்கிறேன் என்று அவனை மாதிரியே அவள் உடம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்தை அங்கே யாருமே பார்க்கவில்லை. எதிரில் நின்ற அந்த இன்னொரு பெண்ணைத் தவிர.

முதல் சுற்றில் ஜெயித்தாள். இரண்டாம் சுற்றில் இரண்டுக்கு மூன்று என்று தோற்றாள். ஒவ்வொரு இடைவெளியிலும் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேட்டின் ரப்பரைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். தோற்றபின் அழவில்லை. பஸ்ஸில் உசிலம்பட்டி தாண்டும்வரை பேசவில்லை. பிறகு சொன்னாள்: “அஞ்சாவது கேம்ல கால் வரல மேடம். அவ்வளவு நேரம் நான் ஆடினதே இல்ல.” இருபது நிமிடத்தில் பழகிய கால் எத்தனை கேமுக்கு வரும்?

ராத்திரி ஒன்பது மணிக்கு அவள் வீட்டு வாசலில் நின்று, ஒப்படைத்தேன் என்று கையெழுத்துப் போட்டேன். அதற்கு முன் எத்தனையோ முறை போட்ட கையெழுத்து. அன்றைக்குத்தான் கூசியது.

இதைப் படிக்கிற மாணவிகளுக்கும் என்னைப் போன்ற ஆசிரியைகளுக்கும் சொல்கிறேன். பாராட்டு விழா, பொன்னாடை, ‘நம்ம பொண்ணு’ எல்லாம் அப்புறம் இருக்கட்டும். உங்கள் கல்லூரியில் அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். சாயங்கால நேரத்தில் வாரத்துக்கு மூன்று நாளாவது பெண்களுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள், கடைசி பஸ்ஸைக் காரணம் சொன்னால் பஸ்ஸுக்கு ஏற்பாடு கேளுங்கள். ஒப்படைப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட மறுங்கள். ஆசிரியைகள் நாம் நாலு பேர் மறுத்தால் அந்தப் படிவம் செத்துப்போகும். இத்தனை நாள் அது உயிரோடு இருப்பது நம் கையெழுத்தால்தான்.

இந்த ஆண்டுப் போட்டிக்கு மறுபடி படிவம் வந்திருக்கிறது. ‘உடன் செல்பவர்’ என்று ஒரு கட்டம். வழக்கமாக அதை அலுவலகம் நிரப்பிவிடும். இந்தமுறை அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன், “யார் வரணும்?”

இப்படி ஒரு கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள்.

“எங்கம்மா வரலாமா மேடம்? அவங்களுக்கு டிடின்னா என்னன்னே தெரியாது. ஆனா பந்தப் பாப்பாங்க.” பிறகு அவளே, “ஒரு நாள் கூலி போயிரும்” என்றாள்.

கட்டத்தில் அம்மாவின் பெயரை எழுதியிருக்கிறேன். உறவு என்ற இடத்தில் ‘ஆலோசகர்’ என்று போட்டிருக்கிறேன். ஒரு நாள் கூலியை விளையாட்டு நிதியிலிருந்து தர வேண்டும் என்று தனியாக ஒரு கடிதமும் இணைத்திருக்கிறேன். கல்லூரி விதியில் இடமில்லை என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். இதை எழுதி முடிக்கும்வரை வரவில்லை.